ஒட்டிய நாடாவும் ஓடிய வண்டியும்



வரலாறு என்றவுடன் முடியரசர்களும் கோட்டை கொத்தளங்களும் போர்க்களங்களுமே நமது மனக்கண் முன் தோன்றுகின்றன. பள்ளிக்கூடத்தில் நாம் படித்த வரலாறு அத்தகையது. ஆனால், மனிதர் கையிற் புழங்கிய சிறு பொருள்களுக்கும் வரலாறு உண்டு. ஊசிக்கும் ஆணிக்கும் கயிற்றுக்கும் உண்டு. சில வேளைகளில் அச்சிறு பொருளின் கதை, அரசர்களின் கதையைவிட மனித சுபாவத்தைத் துலக்கமாகக் காட்டிவிடுகிறது. இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது அத்தகைய ஒரு பொருள். கடைகளிற் சுருளாக விற்கப்படும் ஒட்டுநாடா. கடித உறையை ஒட்டும் மெல்லிய செலோரேப்பை நான் சொல்லவில்லை. வெள்ளி நிறத்தில், ஏறத்தாழ இரண்டு அங்குல அகலத்தில், துணிபோலத் தடித்து, கத்தரிக்கோல் இல்லாமற் கையாலேயே கிழிக்கக்கூடியதாக இருக்கும் 'டக்ட் ரேப்'பையே சொல்கிறேன்.

தமிழிலே 'ஒட்டு' என்ற சொல்லுக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒட்டுப்போட்ட சட்டை என்று சொன்னால் அதில் இல்லாமையின் சாயல் படிந்திருக்கிறது. ஒட்டுமாங்கன்று என்று சொன்னாலோ நாவில் இனிப்பு ஊறுகிறது. முதலாவது ஒட்டு, குறையொன்றை மறைப்பது. இரண்டாவது ஒட்டு, இரு வேறு பொருள்களை இணைத்துப் பயன் காண்பது. நாம் பேசப்போகும் நாடாவின் வரலாறும் இவ்விரண்டு ஒட்டுகளுக்கும் இடையிலேதான் நடக்கிறது.

கதை 1943 ஆம் ஆண்டில், இரண்டாம் உலக மகாயுத்தத்தின் நடுவே தொடங்குகிறது. ஐக்கிய அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில், டிக்சன் என்னும் நகருக்கு அருகே, 'கிறீன் றிவர்' வெடிபொருட் தொழிற்சாலை இருந்தது. அங்கே வெஸ்டா ஸ்டவுட் என்றொரு பெண்மணி வேலை செய்துகொண்டிருந்தார். ஐம்பது வயதைக் கடந்தவர். பல பிள்ளைகளின் தாய். அவருடைய புதல்வர் இருவர் அப்போது அமெரிக்கக் கடற்படையிற் சேவை செய்துகொண்டிருந்தனர். துவக்கிலிருந்து கிறனேட்டைச் செலுத்துவதற்கான தோட்டாக்களைப் பெட்டிகளில் அடைப்பதும், அடைத்தவற்றைப் பரிசோதிப்பதுமே அவரது வேலை.

அந்தப் பெட்டிகளை மெல்லிய காகித நாடாவால் ஒட்டி, ஈரம் புகாதபடி மெழுகில் தோய்த்தெடுப்பார்கள். திறப்பதற்கு வசதியாக நாடாவின் நுனி சிறிது வெளியே நீட்டப்பட்டிருக்கும். நுனியைப் பிடித்து இழுத்தால் மெழுகு கிழிந்து பெட்டி திறக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் நடந்தது வேறு. காகிதம் பலமற்றதாகையால் நுனி மட்டும் கையோடு பிய்ந்துவந்தது. பெட்டி மெழுகுக்குள் மூடியபடியே இருந்தது. தொழிற்சாலை மேசையில் இது சிறிய தொல்லைதான். எதிரி சுட்டுக்கொண்டிருக்கையில், பதுங்குகுழியிலிருந்து நகத்தாற் சுரண்டிப் பெட்டி திறக்க முயலும் படைவீரனுக்கு அந்த ஒரு நிமிடமே உயிருக்கும் மரணத்துக்கும் இடைப்பட்ட தூரமாகிவிடும்.

இதைக் கண்ட அந்தத் தாய், காகிதத்துக்குப் பதிலாக நீர் புகாத, பலமான துணியாற் செய்த நாடாவைப் பயன்படுத்தலாமே என்று மேலதிகாரிகளிடம் சொன்னார். நல்ல யோசனை என்றார்கள். ஆனால் காரியம் நடக்கவில்லை. உலகத்துத் தொழிற்சாலைகள் பலவற்றிலும் கீழேயிருந்து எழும் யோசனைகளுக்கு நேரும் கதி இதுவே. பெரும்பாலோர் அத்துடன் வாயை மூடிக்கொள்வார்கள். வெஸ்டா ஸ்டவுட் மூடிக்கொள்ளவில்லை. 1943 பெப்ரவரி 10 ஆம் திகதி, அமெரிக்க ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கே கடிதம் எழுதினார். பெட்டியின் குறை என்ன, அதை எப்படித் தீர்க்கலாம் என்பதைப் படம் வரைந்தும் விளக்கினார். தமது பிள்ளைகள் களத்தில் இருப்பதையும், பெட்டியைத் திறக்கும் தாமதத்தினால் எந்த வீட்டுப் பிள்ளையும் இறக்கக்கூடாது என்பதையும் அதில் எடுத்துரைத்தார்.

ஜனாதிபதியின் அலுவலகம் கடிதத்தைப் படைக்கல உற்பத்தியைக் கவனித்த சபைக்கு அனுப்பியது. சில வாரங்களுக்குள் யோசனை ஏற்றுக்கொள்ளப்பட்டதாக அவருக்குப் பதில் வந்தது. மருத்துவப் பிளாஸ்டர்கள் செய்வதில் அனுபவம் பெற்றிருந்த ஜோன்சன் அன்ட் ஜோன்சன் கம்பனியிடம் நாடாவைத் தயாரிக்கும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. 'சிக்காகோ டிரிபியூன்' பத்திரிகை அப்பெண்மணிக்கு யுத்தத் தொழிலாளருக்கான விருதொன்றை வழங்கிக் கௌரவித்தது.

புதிய நாடாவின் அமைப்பு எளிமையானது, ஆயினும் நுட்பமானது. நடுவே பருத்தித் துணி. மேலே நீர் ஏறாத பூச்சு. கீழே இறப்பரை அடிப்படையாகக் கொண்ட பசை. துணி பலத்தைக் கொடுத்தது. அதே துணியின் நெசவு, நாடாவை நேர்கோட்டிற் கையாற் கிழிக்கவும் உதவியது. பசையைச் சூடாக்க வேண்டாம், நனைக்க வேண்டாம், அழுத்தினாற் போதும். இறப்பர் என்று சொல்லும்போது ஒன்றை நினைவுகூர்வது பொருந்தும். 1942 இல் மலாயாவும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் யப்பானியர் வசமான பின்னர், நேச நாடுகளுக்கு இயற்கை இறப்பரை வழங்கிய முக்கிய நாடாக எஞ்சியது நமது இலங்கையே. உலகச் சந்தையில் இறப்பர் பொன்போல மதிக்கப்பட்ட காலத்திலேதான் இந்த நாடா பிறந்தது.

படைவீரர்களின் கைக்குப் போனதும் நாடா பெட்டியோடு நிற்கவில்லை. சப்பாத்திலும் கூடாரத்திலும் ஜீப் வண்டியிலும் ஏறியது. நீர் ஒட்டாத தன்மையினால் வாத்தின் பெயரால் 'டக் ரேப்' என்று அழைத்தார்கள் என்பர் சிலர். 'டக்' எனப்படும் தடித்த பருத்தித் துணியின் பெயரே அது என்பர் வேறு சிலர். மணிக்கு நூறு மைல் வேகத்துக் காற்றிலும் பிடி விடாது என்ற பொருளில் 'நூறு மைல் நாடா' என்ற பட்டப்பெயரும் படையினரிடையே பின்னர் வழங்கியது.

யுத்தம் முடிந்து வீடு திரும்பியவர்களோடு நாடாவும் வீடு திரும்பியது. அமெரிக்காவில் அப்போது புதிய வீடுகள் பெருகின. அவ்வீடுகளுக்குள் வெப்பக் காற்றையும் குளிர்ந்த காற்றையும் கொண்டுசெல்லத் தகரக் குழாய்கள் அமைக்கப்பட்டன. அக்குழாய்களின் பொருத்துகளைச் சுற்ற நாடாவைப் பயன்படுத்தினார்கள். தகரத்தின் நிறத்துக்கு ஏற்ப, படைக்குரிய பச்சை நிறம் மாறி வெள்ளி நிறம் வந்தது. 'டக்ட்' என்பது அக்குழாயின் பெயர். 'டக்' என்ற பெயர் 'டக்ட்' ஆனது இப்படித்தான்.

வீட்டை விட்டு ஊர்சுற்றப் புறப்பட்டவர்களும் நாடாவைத் தம்மோடு எடுத்துச் சென்றார்கள். அமெரிக்கக் குடும்பங்கள் பல, விடுமுறைக் காலத்திற் படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் பொருத்திய வண்டியிலே காடும் மலையும் சுற்றுவது வழக்கம். 'காம்பர்' என்று அதைச் சொல்வார்கள். சக்கரம் பூட்டிய சிறு வீடென்று நாம் சொல்லலாம். வீடும் வண்டியும் ஒன்றானால் இரண்டின் நோய்களும் அதற்கு உண்டு. கூரையின் பொருத்து மழையில் ஒழுகும். மரக்கிளை உரசிக் காற்றுத்துளையின் மூடி உடையும். நுளம்பு வலை கிழியும். தண்ணீர்க் குழாய் கசியும். அருகே கடையுமில்லை, திருத்துபவருமில்லை. அந்த வேளையில் ஒரு சுருள் நாடா இரவைக் காப்பாற்றிவிடும்.

ஆனால் இரவைக் காப்பாற்றுவது வேறு. வண்டியைக் காப்பாற்றுவது வேறு. வெயிலிற் கிடந்தால் நாடாவின் மேற்பூச்சு வெடிக்கும். பசை ஒன்றில் இளகும், அல்லது காய்ந்து பொருக்காகும். இவற்றைவிடப் பெரிய தீங்கு கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும். கூரை வெடிப்பின் மேல் ஒட்டிய நாடா, வெடிப்பைப் பார்வையிலிருந்து மறைத்துவிடுகிறது. அதன் ஓரத்தால் மெல்ல மெல்ல நீர் இறங்கும். உள்ளேயுள்ள மரச்சட்டம் ஊறி உளுத்துப்போகும். சில மாதங்கள் கழித்து நாடாவை உரித்துப் பார்க்கும்போது, ஒரு விரலால் அடைத்திருக்கக்கூடிய துளை ஒரு கூரையையே தின்றிருக்கும். காஸ் குழாய்க்கும் பிறேக்குக்கும் ரயருக்கும் இந்த நாடா எந்தக் காலத்திலும் உதவாது. இவற்றை அறிந்தவரின் கையில் நாடா நல்ல கருவி. அறியாதவரின் கையில் அது கண்கட்டு.

இந்த வேறுபாட்டை உலகத்துக்கு மிகத் தெளிவாகக் காட்டிய இரண்டு நிகழ்ச்சிகள், விந்தையாக, பூமியிலே நடைபெறவில்லை.

முதலாவது 1970 ஏப்ரலில் நிகழ்ந்தது. ஜேம்ஸ் லவல், ஜாக் சுவைகர்ட், பிரெட் ஹேய்ஸ் ஆகிய மூவரும் அப்பலோ 13 விண்கலத்திற் சந்திரனை நோக்கிப் போய்க்கொண்டிருந்தனர். ஏப்ரல் 13 ஆம் திகதி, பூமியிலிருந்து ஏறத்தாழ இரண்டு இலட்சம் மைல் தூரத்தில், ஒட்சிசன் தாங்கியொன்று வெடித்தது. மூவரும் சந்திரனில் இறங்குவதற்கென வைத்திருந்த சிறு கலத்திற் தஞ்சம் புகுந்தனர். இரண்டு பேர் இரண்டு நாட்கள் தங்குவதற்கென அமைக்கப்பட்ட அக்கலத்திலே மூன்று பேர் ஏறத்தாழ நான்கு நாட்கள் உயிர்வாழ வேண்டியதாயிற்று. அவர்கள் வெளிவிட்ட மூச்சே அவர்களுக்கு நஞ்சாகத் தொடங்கியது. காற்றிலிருந்து காபனீரொட்சைட்டை உறிஞ்சும் இலிதியம் ஐதரொட்சைட்டுக் கலன்கள் தாய்க்கலத்தில் நிறைய இருந்தன. ஆனால் அவை சதுர வடிவம். சிறு கலத்திலிருந்த பொருத்துவாயோ வட்ட வடிவம்.

ஹூஸ்டனில் எட் ஸ்மைலி என்ற பொறியியலாளரின் தலைமையில் ஒரு குழு, விண்கலத்தில் என்னென்ன இருக்கின்றனவோ அவற்றை மட்டுமே மேசையிற் பரப்பி வைத்துக்கொண்டு வழி தேடியது. பிளாஸ்டிக் பைகள், பயணக் கைந்நூலின் தடித்த அட்டை, விண்வெளி உடையின் காற்றுக்குழாய், இவற்றையெல்லாம் பிணைப்பதற்கு ஒட்டுநாடா. சதுரத்தை வட்டத்தோடு சேர்க்கும் வழி பிறந்தது.

வானொலி நேயர்களாகிய நாம் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். செய்த பொருளைப் படம்பிடித்து மேலே அனுப்ப அன்று வழியிருக்கவில்லை. எங்கே வெட்டுவது, எந்தப் பக்கத்தை மடிப்பது, எத்தனை முழ நாடாவைச் சுற்றுவது என்பனவெல்லாம் குரலால் மட்டுமே சொல்லப்பட்டன. களைத்து, குளிரில் விறைத்திருந்த மூவர் அச்சொற்களைக் காதாற் கேட்டே கையாற் செய்தனர். ஒரு சொல் பிழைத்திருந்தால் மூன்று உயிர்கள் பிழைத்திரா. காற்றிலிருந்த நஞ்சின் அளவு இறங்கியது. ஏப்ரல் 17 ஆம் திகதி அவர்கள் பசிபிக் சமுத்திரத்திற் பத்திரமாக வந்திறங்கினர்.

இரண்டாவது நிகழ்ச்சி அதைவிட அதிகம் பேசப்படாதது. நமது பொருளுக்கு மிக நெருங்கியது. 1972 டிசம்பர் 11 ஆம் திகதி, அப்பலோ 17 இன் வீரர்களான யூஜின் சேர்னனும் ஹரிசன் ஷ்மிட்டும் சந்திரனில் டோரஸ் - லிட்றோ என்னும் பள்ளத்தாக்கில் இறங்கினர். ஷ்மிட் ஒரு புவிச்சரிதவியலாளர். மூன்று நாள் அங்கே தங்கி, மின்சாரத்தில் இயங்கும் திறந்த வண்டியொன்றில் ஊர்ந்து கற்களையும் மண்ணையும் சேகரிப்பது அவர்களது பணி. பூமியில் அந்த வண்டியின் எடை ஏறத்தாழ 210 கிலோகிராம். மனிதர் வண்டி கட்டிக்கொண்டு சென்று முகாமிட்ட இடங்களில் மிகத் தொலைவானது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

முதல் நாளே விபத்து. சேர்னனின் காற்சட்டைப் பையிலிருந்த சுத்தியல், பின்பக்கத்து வலது சக்கரத்தின் மட்காட்டிற் கொளுவி அதன் நீட்டுத் துண்டை உடைத்துவிட்டது. ஒரு மட்காட் போனால் என்ன என்று நாம் நினைக்கலாம். சந்திரனில் அது சிறிய காரியமன்று. அங்கே காற்றுமில்லை, நீருமில்லை. ஆகவே தூசியின் துணிக்கைகள் தேய்ந்து மழுங்குவதில்லை. கண்ணாடிச் சிதறல்போலக் கூராகவே இருக்கின்றன. மட்காட் இல்லாத சக்கரம் அத்தூசியை வாரி மேலெறிய, அது வீரர்கள் மீதும் வண்டி மீதும் மழையாகப் பொழிந்தது. கரிய தூசி படிந்தாற் சூரிய வெப்பத்தை அது ஈர்த்துக்கொள்ளும். பற்றரிகளின் வெப்பம் வெளியேறாது. உடையின் மூட்டுகளிற் புகுந்தால் மூட்டுகள் இறுகும். தலைக்கவசத்தைத் துடைத்தாற் கீறல் விழும். இறங்கிய கலத்திலிருந்து ஏழு கிலோமீற்றருக்கு அப்பால் வண்டி நின்றுவிட்டால் அவர்கள் நடந்தே திரும்ப வேண்டும்.

சேர்னன் அங்கேயே ஒட்டுநாடாவை எடுத்து உடைந்த துண்டை ஒட்டினார். தூசி படிந்த பரப்பிற் பசை சரியாகப் பிடிக்கவில்லை. தடித்த கையுறைக்குள்ளிருந்து, விரல்கள் இறுக, பாடுபட்டு ஒட்டிய அந்த ஒட்டு, அன்றைய பயணத்தின்போதே கழன்று துண்டும் தொலைந்துபோயிற்று. ஆம், உலகப் புகழ் பெற்ற நாடா சந்திரனில் முதலிற் தோற்றுத்தான் போனது.

அவர்கள் கலத்துக்குள் உறங்கிய வேளையில் ஹூஸ்டனிற் பலர் உறங்கவில்லை. அதே ஆண்டு ஏப்ரலில் அப்பலோ 16 இற் சந்திரனுக்குப் போய் வந்த ஜோன் யங் அவர்களோடு இருந்தார். அவருடைய பயணத்திலும் மட்காட் உடைந்ததுண்டு. அத்தூசியின் குணத்தை உடம்பால் அறிந்தவர் அவர். கையில் உள்ள பொருள்களைக் கொண்டு பூமியிலேயே மாற்று மட்காட் ஒன்றைச் செய்துபார்த்தனர். காலையில் யங் வானொலி மூலம் அதை விளங்கப்படுத்தினார். தேவை முடிந்த தடித்த வரைபடத் தாள்கள் நான்கை எடுங்கள்; கலத்துக்குள் வைத்தே நாடாவால் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பலகைபோல ஆக்குங்கள்; வெளியே கொண்டுபோனதும் நாடாவால் ஒட்டாமல், கலத்தின் தொலைநோக்கி விளக்குகளுக்கு உரிய இடுக்கிகளாற் கவ்விப் பிடிக்கச் செய்யுங்கள் என்பதே அவர் சொன்னதன் சாரம்.

இந்த ஏற்பாட்டின் நயம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். முதல் நாள் தோற்ற அதே நாடாவை அவர்கள் வீசியெறியவில்லை. அது ஏன் தோற்றது என்று கேட்டார்கள். தூசியில் ஒட்டாது என்று தெரிந்ததும், தூசி இல்லாத இடத்தில் அதற்கு வேலை கொடுத்தார்கள். தூசி உள்ள இடத்தில் இடுக்கிக்கு வேலை கொடுத்தார்கள். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பது நமது பழமொழி. புல்லால் எது முடியும், எது முடியாது என்று அறிந்திருப்பதுதான் அந்த வல்லமை.

வரைபடத் தாள் மட்காட் நின்று பிடித்தது. அடுத்த இரண்டு நாட்களும் வண்டி ஓடியது. மூன்று நாளிலும் சேர்த்து ஏறத்தாழ 35 கிலோமீற்றர். மட்காட் பூட்டிய அந்த இரண்டாம் நாளிலேதான், 'ஷோர்ட்டி' என்னும் பள்ளத்தின் விளிம்பிலே, சாம்பல் நிறமான அவ்வுலகில் செம்மஞ்சள் நிற மண்ணை ஷ்மிட் கண்டார். 350 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் எரிமலை உமிழ்ந்த நுண்ணிய கண்ணாடி மணிகள் அவை. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து, 2011 இல், அம்மணிகளுக்குள் அடைபட்டிருந்த துளிகளில் நீரின் தடயத்தை ஆய்வாளர்கள் அளந்து வெளியிட்டனர். சந்திரனின் உட்பகுதி முற்றிலும் வறண்டது என்ற நெடுநாளைய எண்ணத்தை அது அசைத்தது. வண்டி முடங்கியிருந்தால் அந்த மண் அங்கேயே கிடந்திருக்கும்.

சேர்னன் அந்தத் தாள் மட்காட்டைக் கழற்றிப் பூமிக்குக் கொண்டுவந்தார். வொஷிங்டனில் உள்ள தேசிய வான், விண்வெளி நூதனசாலையின் சேகரிப்பில் அது இடம்பெற்றது. கழற்றினார் என்ற சொல்லை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அது தற்காலிகமானது என்று அதைச் செய்தவர்களுக்கு முதலிலிருந்தே தெரியும்.

இந்தத் தெளிவு இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கும் வரலாற்றில் உதாரணம் உண்டு. 1998 இல், கலிபோர்னியாவிலுள்ள லோரன்ஸ் பேர்க்லி தேசிய ஆய்வுகூடத்தைச் சேர்ந்த மக்ஸ் ஷேர்மன், இயன் வோக்கர் ஆகிய இருவர், வீட்டுக் காற்றுக்குழாய்களை அடைக்கும் பொருள்கள் பலவற்றைச் சூட்டிலும் குளிரிலும் மாறி மாறி வைத்துச் சோதித்தனர். மற்றவை நின்று பிடிக்க, விரைவிலேயே கைவிட்டது எது தெரியுமா? அக்குழாயின் பெயரையே தன் பெயராகச் சூடிக்கொண்ட டக்ட் ரேப்தான். சுவருக்கும் கூரைக்கும் உள்ளே, யார் கண்ணிலும் படாமல், நிரந்தரம் என்று நம்பி ஒட்டப்பட்ட அந்த நாடாக்கள் காய்ந்து உதிர்ந்து, வீடுகளின் வெப்பத்தையும் குளிரையும் வீணாக்கிக்கொண்டிருந்தன. சந்திரனிற் காத்த நாடா, வீட்டிற் கைவிட்டது. வேறுபாடு நாடாவில் இருக்கவில்லை. ஒட்டியவர் அதை எத்தனை நாளைக்கென்று நம்பினார் என்பதில் இருந்தது.

நேயர்களே, நாமெல்லோரும் ஒட்டுப்போட்டே வாழ்கிறோம். ஒழுகும் கூரைக்கு மட்டுமன்றி, உறவுகளுக்கும் நிறுவனங்களுக்கும் நாட்டுக்கும்கூட ஒட்டுப்போடுகிறோம். ஆபத்து வேளையில் ஒட்டுப்போடுவதிற் குற்றமில்லை. போடாமல் இருப்பதே குற்றம். ஆனால் ஒட்டிய மறுநாளே, நோய் தீர்ந்துவிட்டதென்று உறங்கிப் போவது ஆபத்து. நாடா நமக்குத் தருவது அவகாசம். அந்த அவகாசத்தை நாம் எதற்குச் செலவிடுகிறோம் என்பதே கேள்வி.

இலினோயிலே பெட்டி அடைத்த அந்தத் தாயை மறந்துவிட்டு இப்பேச்சை முடிக்க மனம் வரவில்லை. வெஸ்டா ஸ்டவுட் 1966 இற் காலமானார். தாம் கேட்டுப் பெற்ற துணிநாடா விண்வெளியில் மூவரின் மூச்சைக் காத்ததையும், சந்திர மண்ணில் வண்டி ஓட உதவியதையும் அவர் காணவில்லை. அவர் கண்டது ஒரு பெட்டியின் நுனியில் இருந்த குறையை மட்டுமே. அதைக் கண்டதோடு நில்லாமல், கேட்கக்கூடிய ஒருவருக்கு அதை விளக்கமாக எழுதவும் செய்தார்.